தைக்காக வைத்திருந்த பூ

குளிர் அறையில் கிடந்து பழசாகிப்போன லில்லியைப் புதுப் பூ என்று சொல்லி விற்றேன். கல்யாண மேடையில் அது மலரவில்லை. பூ வாங்கியவர் கேட்டபோது, வெட்டியவர் பச்சை மொட்டாக வெட்டிவிட்டார் என்று சொல்லி, தவறே செய்யாத ஒரு பெண்மேல் பழியைப் போட்டேன். பூவை அப்படி வைத்திருக்காதே என்று எனக்கு எடுத்துச் சொன்னவரே அவர்தான்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் இப்படிச் சுருக்கிச் சொன்னால், ஏதோ ஒரு நாள் புத்தி கெட்டுப் போனதுபோல் ஆகிவிடுகிறது. அப்படி இல்லை. கிழங்கு வாங்கிய நாளிலேயே தொடங்கிய காரியம் இது. அங்கிருந்தே சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அப்பா காலத்தில் முழுக்கத் தேயிலை. பச்சைத் தேயிலை விலை விழுந்த பிறகு பாலிஹவுஸ் போட்டு கார்னேஷன், ஜெர்பரா, லில்லியம் என்று மாறியவர்களில் நானும் ஒருவன். நீலகிரிக்கு லில்லி வெளியூர்ப் பூ என்று பலர் நினைக்கிறார்கள். இந்த மலைப் புல்வெளிகளில் யாரும் நடாமலே வளரும் வெள்ளை லில்லி ஒன்று உண்டு. நீளக் குழல் போன்ற பூ, நல்ல மணம். 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் அதற்கு நீலகிரியின் பெயரையே சூட்டினார். பழனி மலையிலும் அது இருக்கிறது. நாங்கள் பாலிஹவுஸில் வளர்ப்பது அதுவல்ல. ஹாலந்திலிருந்து கிழங்காக வரும் கலப்பினங்கள்: ஆசியாட்டிக், எல்.ஏ., ஓரியண்டல். கடையில் கேட்டால் எல்லாமே லில்லிதான்.

இந்தக் கிழங்குக்குக் குளிர் வேண்டும். குளிர் காலத்தைக் கடந்துவிட்டோம் என்று நம்பினால்தான் அது ஒழுங்காகப் பூக்கும். அதனால் அனுப்புகிறவர்கள் முதலில் 2 முதல் 5 டிகிரியில் பல வாரம் வைக்கிறார்கள். பிறகு பூஜ்யத்துக்குக் கீழே ஒன்று, இரண்டு டிகிரியில் உறைய வைத்து, தேவைப்படும்போது எடுக்கிறார்கள். நம் கைக்கு வரும் பெட்டியில் ஈரமான பீட் தூளுக்குள் கிழங்குகள் கெட்டியாக இருக்கும். அவசரப்படாமல் மெல்ல உருக விட வேண்டும். ஒருமுறை உருகிவிட்டால் மறுபடி உறைய வைக்க முடியாது. உறைந்தால் கிழங்கு அழுகிப்போகும். நட்டே ஆக வேண்டும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வரவழைத்து, வாரம் விட்டு வாரம் ஒரு பாத்தியாக நடுவார்கள். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் வெட்டப் பூ இருக்கும்.

அந்த ஆண்டு ஒருவர் பேசி வைத்திருந்த கிழங்கை எடுக்க முடியாமல் விட்டுவிட்டார். மொத்தமாக எடுத்துக்கொண்டால் நல்ல விலைக்குத் தருவதாக இறக்குமதி செய்கிறவர் சொன்னார். 14/16 அளவுக் கிழங்கு, அதாவது சுற்றளவு 14 முதல் 16 செ.மீ. கிழங்கு பெருத்தால் மொட்டு கூடும். பெரும்பகுதி எல்.ஏ., கொஞ்சம் ஓரியண்டல். எனக்கு ஆசை வந்துவிட்டது. அவ்வளவையும் எடுத்தேன்.

பாலிஹவுஸில் வேலையை முன்நின்று பார்த்தவர் ஒரு அக்கா. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம். சின்ன வயதிலேயே கொழுந்து பறிக்கத் தொடங்கியவர். லாரியிலிருந்து இறங்கிய பெட்டிகளைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “இம்புட்டும் ஒரே நேரத்துல பூத்தா எங்க தம்பி கொண்டுபோய் விக்கிறது?”

“அப்ப பாத்துக்கலாம்க்கா” என்றேன். பார்த்துக்கொள்ள என்னிடம் எந்த வழியும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நட்டோம். லில்லிக் கிழங்கை ஆழமாகத்தான் நட வேண்டும். மேலே 8 முதல் 10 செ.மீ. மண் இருக்க வேண்டும். கிழங்குக்கு அடியில் இருக்கும் வேர் முதல் சில வாரத்துக்குத்தான். முளை மேலே வரும்போது, கிழங்குக்கு மேலே, மண்ணுக்குள் இருக்கும் தண்டைச் சுற்றி வெள்ளை வேர் கொத்தாக விடும். செடியைப் பிறகு வளர்ப்பது அந்த வேர்தான். மேலாக நட்டுவிட்டால் அதற்கு இடமில்லை. தண்டு ஒல்லியாகப் போகும், மொட்டு உதிரும். அந்த வேர் இறங்கும்வரை மண் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். நிழல் வலை, காலைத் தண்ணீர், தண்டு சாயாமலிருக்கச் சதுரக் கண் வலை, சாம்பல் பூஞ்சணம் வராமல் காற்றோட்டம் என்று எல்லாவற்றையும் அக்கா கவனித்துக்கொண்டார். செடியில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பருவத்துக் கிழங்கு எனக்கு எந்தத் துரோகமும் செய்யவில்லை.

மார்கழியில் மொட்டு முற்றியது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நல்ல விலை கிடைத்தது. அதற்குள் வெட்டியது சிறு பகுதிதான். மிச்சம் முழுவதும் புத்தாண்டு முடிந்த கையோடு சேர்ந்தாற்போல நிறம் கண்டது. மார்கழியில் நம் பக்கம் கல்யாணம் இல்லை. விலை விழுந்தது. தை பிறந்தால் முகூர்த்தம், விலை ஏறும். தைக்கு நாள் இருந்தது. பூவுக்கு அவ்வளவு நாள் இல்லை.

லில்லி வெட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சொன்ன பொய் அதைப் பற்றியது.

லில்லியை மொட்டாகத்தான் வெட்ட வேண்டும். ஆனால் பச்சை மொட்டாக வெட்டக் கூடாது. மலர்ந்த பிறகு வெட்டினால் பெட்டியில் இதழ் நசுங்கும், மகரந்தம் பட்டுக் கறையாகும். நிறம் காணாத மொட்டை வெட்டினால், குவளையில் அது வெளிறிப்போய் விரியாமல் நிற்கும். தண்டின் அடியில் இருக்கும் மொட்டுதான் முதலில் நிறம் காணும். தண்டில் ஐந்துக்குள் மொட்டு என்றால் ஒன்று நிறம் கண்டிருக்க வேண்டும். ஐந்து முதல் பத்து என்றால் இரண்டு. பத்துக்கு மேல் என்றால் மூன்று. இதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்த கணக்கு. அக்கா கணக்குப் பார்த்து நான் பார்த்ததில்லை. விடியும் நேரத்தில், பாலிஹவுஸ் ஷீட்டிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருக்கும்போது, பாத்தி ஓரம் நடந்து வருவார். அடி மொட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாகப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்புவார். பச்சையாகத் தெரியும் மொட்டில் இதழ்கள் சேரும் விளிம்பு மட்டும் ஆரஞ்சாகவோ ரோஸாகவோ வந்திருக்கும். அந்தக் கோடு நுனியிலிருந்து பாதிவரை இறங்கியிருந்தால் வெட்டுவார். நுனியில் மட்டும் இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். ஒரு மொட்டுக்கு ஒரு கண்சிமிட்டும் நேரம்கூட ஆகாது. நானும் பக்கத்துப் பாத்தியில் வெட்டுவேன். நான் வெட்டியதில் மூன்று நான்கை எடுத்துத் தனியாக வைத்து, “இது நாளைக்கு வெட்டியிருக்கணும்” என்பார். சொன்னால் சரியாக இருக்கும்.

வெட்டிய அரை மணிக்குள் தண்டு தண்ணீருக்குள் போய்விடும். அடி இலையைப் பத்து செ.மீ. உருவிவிட்டு, மொட்டு எண்ணிக்கைப்படி பிரித்து, பத்துப் பத்தாகக் கட்டி, உறை போட்டுக் குளிர் அறைக்குப் போகும். 2, 3 டிகிரி. அங்கே ஓரிரு நாள் இருந்து பெட்டியில் ஏற வேண்டிய பூவை நான் தை பிறக்கும்வரை நிறுத்திவைத்தேன்.

குளிர் அறை என்றால் பூ அப்படியே நின்றுவிடும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். எனக்குத் தெரியும், நிற்காது. மெதுவாகத்தான் போகும். இருட்டில், குளிரில், பல நாள் இருக்கும் தண்டில் இலையைப் பச்சையாக வைத்திருக்கும் ஜிப்ரெலின் குறைந்துகொண்டே வரும். உள்ளே இருக்கும்வரை பெரிதாகத் தெரியாது. வெளியே எடுத்து அறை வெப்பத்தில் வைத்ததும், அடியிலிருந்து இலை மளமளவென்று மஞ்சளாகும். தண்டிலிருக்கும் சர்க்கரையும் தீர்ந்திருக்கும்; மேல் மொட்டுகளுக்கு விரியச் சத்து இருக்காது. நீண்ட நாள் வைக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது. வெட்டியதும் சில்வர் தயோசல்பேட் கரைசலில் ஜிப்ரெலின் சேர்த்துத் தண்டை நிறுத்த வேண்டும். பூவை வாடவைக்கும் வாயுவான எத்திலீன் பூவுக்குள் வேலை செய்யாமல் வெள்ளி தடுக்கும். ஜிப்ரெலின் இலை மஞ்சளாவதைத் தள்ளிப்போடும். வெள்ளி கன உலோகம் என்பதால் அந்தத் தண்ணீரைக் கண்ட இடத்தில் ஊற்றவும் கூடாது. செலவு பிடிக்கும் வேலை. நான் வாங்கவில்லை. கிழங்கில் மிச்சம் பிடித்தவனுக்கு இதிலும் மிச்சம் பிடிக்கத் தோன்றியது.

அதோடு நிற்கவில்லை. என் மைத்துனர் பழக்கடை வைத்திருக்கிறார். பொங்கல் வியாபாரத்துக்கு இறக்கிய ஆப்பிள் பெட்டிகளை வைக்க இடம் கேட்டார். குளிர் அறையில் ஒரு பக்கம் ஒதுக்கிக் கொடுத்து வாடகை வாங்கிக்கொண்டேன். ஆப்பிள் எத்திலீன் விடும் பழம். ஆசியாட்டிக், எல்.ஏ. இரண்டுமே எத்திலீனுக்குத் தாங்காத பூக்கள். மொட்டு சுருங்கும், உதிரும். ஓரியண்டல் ஓரளவு தாங்கும். கதவை மூடிய அறையில் இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்பது பாடம் படித்த யாருக்கும் தெரியும். பாடம் படித்தவன் நான். அக்காவோ பயிற்சி வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து காதால் கேட்டவர். அவர்தான் வந்து சொன்னார்: “பழத்தையும் பூவையும் ஒண்ணா வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்கள்ல தம்பி. பூவும் ரொம்ப நாளா கெடக்கு. வந்த வெலைக்கு அனுப்பிருவோம்.”

“உங்க வேலை வெட்டுறது. விக்கிறது என் வேலை” என்றேன். அவரிடம் அதுவரை நான் அப்படிப் பேசியதில்லை.

தை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கோயம்புத்தூர் மேடை அலங்காரக்காரர் ஒருவர் பெரிய ஆர்டர் கொடுத்தார். என்னிடம் பல காலமாக வாங்குகிறவர். பூவை எண்ணிக்கூடப் பார்க்க மாட்டார். அன்று சாயங்காலம் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் குளிர் அறைக்குள் போனேன். கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். அடி இலைகள் பச்சை வெளுத்து, விளிம்பில் மஞ்சள் ஏறியிருந்தது. தண்டின் வெட்டுவாய் பழுப்பாகிக் கொழகொழவென்று இருந்தது. மஞ்சள் இலைகளை ஒவ்வொன்றாக உருவினேன். வெட்டுவாயை ஒரு அங்குலம் நறுக்கிப் புது வாய் தெரியும்படி செய்தேன். புது உறை போட்டேன். உருவிய இலையைச் சாக்கில் அள்ளி, யார் கண்ணிலும் படாமல் எருக்குழியின் அடியில் போட்டு மேலே மண் தள்ளினேன். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாதது இந்த வேலையால்தான். தெரியாதவன் இலையைப் புதைக்க மாட்டான்.

போனில் அவர் கேட்டார், “எப்ப வெட்டினது?” “நேத்து” என்றேன்.

மறுநாள் வரவேற்பு நேரத்தில் படங்கள் அனுப்பினார். மேடை முழுக்க மூடிய மொட்டு. விரிந்தவையும் நிறம் வெளுத்துக் கிடந்தன. மேல் மொட்டுகள் பழுப்பாகித் தொங்கின. இலை மஞ்சள். பெண் வீட்டார் எல்லோர் முன்னிலையிலும் அவரைத் திட்டி, பேசிய பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, “என்னங்க பண்ணீங்க?” என்று கேட்டார்.

“வெட்டுறவங்க பச்சை மொட்டா வெட்டிட்டாங்க” என்றேன்.

வாய்க்கு வந்த பொய் இல்லை அது. பச்சையாக வெட்டிய மொட்டும், குளிர் அறையில் பழசான மொட்டும் மேடையில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும்: விரியாது, வெளிறும். வித்தியாசம் இலையில் இருக்கிறது. புதிதாக வெட்டிய தண்டில் மொட்டு பச்சையாக இருந்தாலும் இலை அப்படி மஞ்சளாகாது. அவருக்கு அது தெரியாது என்று எனக்குத் தெரியும். இத்தனை ஆண்டு வகுப்பிலும் பாத்தியிலும் கற்றுக்கொண்டதை, நம்பும்படியான பொய் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தினேன். இதை நினைக்கும்போதுதான் எனக்கு மிகவும் அவமானமாக இருக்கிறது.

“அந்த ஆளை முதல்ல மாத்துங்க” என்றார் அவர். மாற்றுவதாகச் சொன்னேன். சொன்னதைச் செய்யவும் செய்தேன். அக்காவை வெட்டும் வேலையிலிருந்து எடுத்து, களை பறிக்கவும் மண் கிளறவும் போட்டேன். கூலி குறைந்தது. மற்றவர்களிடம் காரணமும் சொன்னேன், அதே காரணத்தை. அவர் கையிலிருந்த கத்தரியை வாங்கும்போது என் முகத்தைப் பார்த்து, “நான் வெட்டின மொட்டு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும் தம்பி” என்றார். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நாள் களை பறித்தார். பிறகு வரவில்லை. பக்கத்துப் பாலிஹவுஸில் வேலை கேட்டிருக்கிறார். பச்சை மொட்டு வெட்டுகிறவர் என்று அங்கேயும் என் பேச்சுப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுபடி தேயிலை பறிக்கப் போனார்.

அடுத்த பருவம் முழுக்க நான் வெட்டும் பெண்களுக்கு எந்த மொட்டை வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அக்காவிடம் கற்றதைத்தான் சொன்னேன். அது எனக்குத் தாங்கவில்லை. முதலில் அலங்காரக்காரரிடம் போய் நடந்ததைச் சொல்லி, அவருக்கு நஷ்டமான பணத்தைக் கொடுத்தேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பணத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, “எனக்கு வந்துடுச்சு. அந்தம்மாவுக்கு?” என்று கேட்டார்.

அக்கா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் சொன்னார்: “இதை எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க.”

எங்கள் பகுதி விவசாயிகள் கூடிய கூட்டத்தில் எழுந்து சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன். பெயரை எழுத அவர் சம்மதிக்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் பூ வேலை செய்கிறவர்களுக்கு யார் என்று தெரியும். அந்த மார்கழியில் வெட்டிய தண்டுகளில் அடி மொட்டு நிறம் கண்டிருந்தது. வெட்டியவர் சரியாக வெட்டினார். கெடுத்தவன் நான்.

தெரியாதவர்களில் காசு கொடுத்து லில்லி வாங்குகிறவர்களும் அடக்கம். என்னைப்போல் ஒருவன் ஏமாற்றினால் கண்டுபிடிக்க உங்களுக்கு வழி தெரிய வேண்டும். தண்டைப் பாருங்கள். அடியில் ஒரு சாணுக்கு மேல் இலையே இல்லாமல் மொட்டையாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். மிச்ச இலையில் கீழ்ப்பக்கம் வெளிறியிருந்தால் வாங்காதீர்கள். அடி மொட்டு ஒன்றாவது நிறம் காட்ட வேண்டும், ஒன்றும் முழுதாக விரிந்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் தண்டின் அடியை ஒரு அங்குலம் சாய்வாக நறுக்கி, தண்ணீருக்குள் முங்கும் இலைகளை எடுத்துவிட்டுச் சுத்தமான குவளையில் வையுங்கள். முங்கிய இலை அழுகினால் அதில் பெருகும் கிருமி தண்டின் குழாயை அடைத்துவிடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, மறுபடி கொஞ்சம் நறுக்குங்கள். பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பூ விரிந்ததும், மகரந்தப் பை உலர்ந்து தூளாவதற்குள் விரலால் கிள்ளி எடுத்துவிடலாம். துணியில் பட்டுவிட்டால் தண்ணீர் தொட்டுத் தேய்க்காதீர்கள், கறை ஊறிவிடும். ஒட்டும் டேப்பை வைத்து எடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் லில்லியே வேண்டாம். இலை, இதழ், மகரந்தம், குவளைத் தண்ணீர் எதைத் தின்றாலும் நக்கினாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துபோகும். இதைப் பூக்கடையில் யாரும் சொல்வதில்லை, நானும் சொன்னதில்லை.

அக்காவை வெட்டும் வேலையிலிருந்து எடுத்த நாளிலிருந்து அவருக்குக் குறைந்த கூலியைக் கணக்குப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி எண்ணிப் பார்த்தார். பொங்கலுக்குப் பிந்தைய வாரம் விட்டுப்போயிருக்கிறது என்றார். திரும்பிவந்து நோட்டைப் பார்த்தேன், விட்டுத்தான் போயிருந்தது. மறுநாள் கொடுத்தேன். திரும்ப வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டதற்கு, இல்லை என்றார். இப்போது குன்னூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கார்னேஷன் வெட்டுகிறார். அந்தத் தோட்டத்துக்காரர் சேர்ப்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன்.